கையிடம் கேட்கிற கேள்வி

வெங்காய வாசம் கடைசிவரை விட்டுப்போகாத கைகளுக்குச் சொந்தக்காரரான என் அத்தாவுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்க முடியாத ஒருவருக்குக் கடிதத்தை எப்படித் தொடங்குவது? நாங்கள் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. அதனால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட அந்தக் கையால் இன்னும் தூக்க முடியவில்லை. உங்கள் சமோசா வண்டியை, நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததுமே விற்றுவிட்டோம். நான் அதே தனியார் பள்ளியில்தான் டீச்சராக இருக்கிறேன். வேலை இரண்டு பேருடையது, சம்பளம் அரை ஆளுடையது. பேகம்பூரில் குழாய்த் தண்ணீர் இன்னும் அது நினைத்த நாளைக்குத்தான் வருகிறது. இதெல்லாம் செய்தியே இல்லை. செய்தி அண்ணனைப் பற்றியது.

அண்ணன் யூசுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவர்களுக்காக மட்டும் கொஞ்சம்: முப்பது வயது தாண்டியவன். முன்நெற்றியில் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அரசாங்க அட்டையில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று போட்டிருக்கிறது. தெருவில் எல்லோரும் இன்னும் ‘அந்தப் பையன்’ என்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் அவனை ‘எங்க கடைப் பார்ட்னர்’ என்று சொன்னீர்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உங்கள் வண்டிக்குப் பின்னால், மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்து, பெல்லாரி வெங்காயத்தை உரித்து உரித்து வைப்பான். நீங்கள் அரிந்து வதக்குவீர்கள்.

வண்டி போன நாளிலிருந்து அவன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். டிவி ஓடினாலும் உட்கார்ந்திருக்கிறான், ஓடாவிட்டாலும் உட்கார்ந்திருக்கிறான்.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து மாமு வந்தார், மகன் ஜாபரைக் கூட்டிக்கொண்டு. அம்மாவின் அண்ணன் கெட்டவர் இல்லை, அத்தா. உங்களை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர்தான். அந்த உரிமையில்தான் பேசினார்.

“இங்க பாரு தாயி. ஒங்கம்மா இனிமே அவனுக்குப் பின்னாடி ஓட முடியாது. நாளைக்கு ஒன்னையும் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும். வர்றவன் அண்ணனையும் சேத்தா கட்டிக்குவான்? நத்தம் ரோட்டுல, சாணார்பட்டிக்கு இங்கிட்டு ஒரு இல்லம் இருக்கு. இவன மாதிரி உள்ளவங்கள நல்லா வச்சுக்கிறாக. ஒரு கட்டில் காலியா இருக்காம். மாசக் கடைசிக்குள்ள சொல்லிரணும்.”

“அண்ணன்ட்ட கேட்டீங்களா மாமு?”

“கேட்டுட்டாப் போச்சு. ஏ யூசுப்பு, இங்கன வா. இங்கன அம்மாகூட இருக்கியா அப்பு, இல்ல அங்கன இல்லத்துக்குப் போறியா?”

“போறேன்” என்றான் அண்ணன்.

“பாத்தியா! அவனே சொல்லிட்டான். அம்புட்டுத்தான் விசயம்.”

நான் அவன் முன்னால் போய் உட்கார்ந்து, வார்த்தையைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். “இல்லத்துக்குப் போறியாண்ணே, அம்மாகூட இருக்கியா?”

“இருக்கேன்.”

“நீ ஏன் புள்ள கொழப்புற?” என்றார் மாமு. “மொத வாட்டி வாயில வர்றதுதான் மனசுல உள்ளது.”

ஜாபர் சும்மா இருக்கமாட்டானே. “அண்ணே, துபாய் போறியாண்ணே?”

“போறேன்.”

“ஒட்டகத்துல போறியா, பிளேன்ல போறியா?”

“பிளேன்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? டீயா பாலா என்றால் பால் என்பான். பாலா டீயா என்றால் டீ என்பான். கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வான். நமக்குப் பிரியமாக இருக்கட்டுமே என்று சொல்வானோ, கேள்வி முடிந்தால் போதும் என்று சொல்வானோ, தெரியாது. ஊரெல்லாம் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டது. நீங்கள்தான் ஒருநாள் இரண்டு டம்ளரையும் அவன் முன்னால் வைத்துவிட்டுத் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். “நம்ம மூஞ்சியப் பாத்தான்னா நம்ம கண்ணு எங்க போகுதோ அதத்தான் எடுப்பான். அவன் வாயிட்ட கேக்காத. கையிட்ட கேளு” என்றீர்கள்.

அப்புறம் அதுவே உங்கள் வழக்கமாகிவிட்டது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் என்பதை இரண்டு கிண்ணம் சொல்லும். பெருநாள் சட்டை எடுக்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் பல்லைக் கடிக்கக் கடிக்க, இரண்டு இரண்டாக விரித்து வைத்துவிட்டு நீங்கள் மேலே சுற்றுகிற ஃபேனை எண்ணிக்கொண்டு நிற்பீர்கள். ஒரு வருஷம் அவன் பெரிய பெரிய பூப்போட்ட மஞ்சள் சட்டையை எடுத்தான். “இதப் போட்டுக்கிட்டு விசேச வீட்டுக்கு வந்தா ஊரு சிரிக்கும்” என்று அம்மா அழாத குறை. “சட்டை அவனுக்கு, சிரிப்பு அவங்களுக்கு. ஆளுக்கு ஒண்ணு” என்றீர்கள். அந்தச் சட்டை நூல் நூலாகப் பிரிகிற வரைக்கும் போட்டான்.

ஆனால் அத்தா, ஒரு சட்டையைக் கையால் தொடலாம். ஒரு வாழ்க்கையை எப்படி இரண்டு கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைப்பது?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இந்தக் குடும்பத்தில் உங்களைத் தவிர ஒருத்தரும் அவனிடம் சோறா தோசையா என்று கேட்டதில்லை. முடி வெட்டலாமா என்று கேட்காமல் நாற்காலியில் உட்கார வைத்து அமுக்கிப் பிடித்தார்கள். நீங்கள் மௌத்தான அன்று, மையத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே அவனை மாமு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயந்துவிடுவானாம். உங்கள் முகத்தைப் பார்க்கிறாயா என்று அவனை யார் கேட்டார்கள்? சின்ன விசயம் எதையும் கேட்காதவர்கள், மீதி வாழ்க்கையை எங்கே வாழ்வாய் என்பதை மட்டும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்டோமே என்று சொல்லிக்கொள்வதற்காகக் கேட்கிற கேள்வி அது.

அம்மாவிடம் சண்டை போட்டேன். “நீயும் சேந்து சிரிக்கிறியே?”

“வேற என்னடி செய்யச் சொல்ற?” என்றாள். கட்டு பிரித்த கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். “எனக்கு மட்டும் அவன அனுப்பணும்னு ஆசையா? நான் கண்ண மூடிட்டா ஒந்தலையிலதான் விடியும். அந்தப் பயத்துலதான் சிரிச்சேன்.”

தைலத்தை எடுத்து வந்து அந்தக் கையில் நான் தடவினேன்.

மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருந்தது. முதலில், மாமுவின் போனில் இருந்த இல்லத்தின் போட்டோவையும் நான் எடுத்த நம் வீட்டு வாசல் போட்டோவையும் கடையில் பிரிண்ட் போட்டு, அண்ணன் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். உங்களைப் போலவே. திரும்பிப் பார்த்தால் இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பையைத் தட்டுகிறான். அம்மா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். போட்டோவில் என்ன இருக்கிறது? வாசமா, சத்தமா? அங்கேயே கூட்டிப்போனால்தான் உண்டு என்று ஒரு சனிக்கிழமை ஆட்டோ பிடித்தேன்.

இடம் மோசமில்லை. கூட்டிப் பெருக்கிய முற்றம், வேப்பமரம், வரிசையாகக் கட்டில்கள், எல்லாக் கட்டிலிலும் ஒரே நிறத்தில் விரிப்பு. அந்த ஒரே நிறம்தான் எனக்கு உறுத்தியது. வார்டன் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். பொறுமையாகப் பேசினார். விடிந்ததும் எழுப்புவோம், இத்தனை மணிக்குக் குளியல், இத்தனை மணிக்குச் சாப்பாடு, இத்தனை மணிக்கு விளையாட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். “அவங்களுக்குப் பிடிக்கலன்னா?” என்று கேட்டேன். “பழகிருவாங்கம்மா” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பினால், அண்ணனைக் காணோம்.

என் பக்கத்தில்தான் நின்றான். கட்டில் வரிசையில் இல்லை. குளியலறையில் இல்லை. கேட் பாதி திறந்து கிடந்தது. வெளியே நத்தம் ரோடு. மணல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பின்பக்கம் ஒரு கிணறு இருந்தது. மூடிதான் போட்டிருந்தது, ஆனாலும் அந்த மூடிக்கு ஓட்டை இருக்குமோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எந்தப் பக்கம் ஓடுவது? உங்கள் பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போது சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் குரல் சத்தமாக வந்தது. “ஏலே, யாருலே நீயி? எம்புட்டு நேரமா இங்கன உக்காந்திருக்க?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். சாக்கு மூட்டைக்குப் பின்னால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் சின்ன வெங்காயம் குவியலாகக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்து, நகத்தால் கிள்ளி, உரித்து, தோலை இடதுபக்கம் தள்ளி, அழுகலைத் தனியாக ஒதுக்கி. அத்தனையும் உங்கள் முறை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வாய் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை வண்டி விற்ற பிறகு நான் பார்க்கவே இல்லை.

“நாளைக்கு உள்ளதையும் சேத்து உரிச்சுப்புட்டான் பாவி” என்றார் சமையல் அம்மா. “இவன எனக்குக் குடுத்துருங்க.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடு என்று நாலு விடை கொடுக்கிறவள். கடைசி விடையாக ‘இவற்றுள் எதுவுமில்லை’ என்று போடுவேன். பத்து வயதுப் பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கிற அந்த நாலாவது விடையை, முப்பது வயது மனிதனுக்கு ஒருத்தரும் கொடுக்கவில்லை. இங்கேயா அங்கேயா என்று மாமு கேட்டார். இங்கேயா அங்கேயா என்று நானும்தான் போட்டோ பிடித்துக்கொண்டு அலைந்தேன். எங்கள் இரண்டு பேர் கேள்வியிலும் வெங்காயம் இல்லை.

கிளம்பும்போது கேட்டில் நின்று, “போயிட்டு வாரேன்” என்றான் அண்ணன்.

வார்டன் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. “வாரேங்கிறாரே! பிடிச்சுப்போச்சும்மா அவருக்கு.” அந்த ஒரு சொல் போனில் மாமு வீட்டுக்குப் போய், சாயங்காலத்துக்குள் நம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. யூசுப்பே வாரேன்னு சொல்லிட்டானாம்ல!

அத்தா, இந்த ஊரில் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினால் செருப்பால் அடிப்பார்கள். துக்க வீட்டைத் தவிர எந்த வீட்டு வாசலிலும் ‘போயிட்டு வாரேன்’தான். கடன்காரனிடம்கூட அதைத்தான் சொல்கிறோம். அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு ஒரு ஆளின் துணிமணியை மூட்டை கட்டுவார்களா?

நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள். அன்று சாயங்காலம் அசர் பாங்கு நேரத்தில் ஆட்டோவில் உங்களைச் சாய்த்து உட்கார வைத்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, வாசலில் நின்றவனிடம், “செத்த நேரத்துல வாரேன் அப்பு” என்றீர்கள். அவன் இன்னும் அசர் பாங்கு சொன்னதும் வாசலுக்குப் போகிறான். யாராவது ‘செத்த நேரம்’ என்று சொல்லிவிட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். அவன் கணக்கில் நீங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறீர்கள்.

மறுநாள் பெல்லாரி வாங்கி வந்தேன். டிவி ரிமோட்டை ஒரு பக்கமும் வெங்காயக் கூடையை ஒரு பக்கமும் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என்னால் பொறுமையாக நிற்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். நின்றேன். தோல் கிழிகிற சத்தம் கேட்டது. இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் அதே சத்தம்.

“இம்புட்டு வெங்காயத்த வச்சு நான் என்னடி செய்ய?” என்று அம்மா தலையில் கை வைத்தாள். முக்குப் பரோட்டாக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார், ஒருநாள் பாடு. தினமும் வேண்டாம் என்றுவிட்டார். அவர் கடையில் ஏற்கனவே ஆள் இருக்கிறது.

வார்டன் அக்காவுக்குப் போன் போட்டேன். “காலையில வந்துட்டுச் சாயங்காலம் திரும்புறதுக்கு வழி இருக்காக்கா?”

“வழி இருக்கும்மா. யாரும் கேக்கிறதில்ல. எல்லாரும் கொண்டாந்து விட்டுட்டுப் போறதுக்குத்தான் வர்றாங்க.”

“இன்னொண்ணுக்கா. உரிக்கிற வேலைக்குக் கூலி?”

“அது ஒரு பயிற்சி மாதிரிம்மா.”

“நான் சொல்லிக் குடுக்கிறதும் எனக்குப் பயிற்சிதான். சம்பளம் தர்றாங்கள்ல? எங்க அத்தா தெனமும் அவன் சட்டைப் பையில ஒரு நோட்டு வைப்பாரு. அதத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வண்டிய விட்டு எந்திரிப்பான்.” யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கட்டும். நான் விடப்போவதில்லை.

மாமுவிடம் சொன்னேன். குதித்தார். “பகல் மட்டும் போயிட்டு வர அதென்ன ஓட்டலா? கட்டிலு போயிரும் புள்ள. அப்பறம் வேணும்னாலும் கெடைக்காது. நாளைக்கு ஒங்கம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க வச்சுக்குவ அவன?”

“ராத்திரி அங்க தங்கணும்னு அவனுக்கு இருந்தா அனுப்புறேன் மாமு. இருக்கான்னு பாக்கணும்ல?”

“அத எப்படிப் பாப்ப? ஜோசியமா?”

எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. யோசித்து யோசித்து, ஒரு வழி பிடித்தேன். வார்டன் அக்கா சரி என்றதும் பகலுக்கு மட்டும் அனுப்ப ஆரம்பித்தேன்; காலையில் இல்லத்துக்குக் கிளம்பும்போது அவன் பையைத் திறந்து வைத்தேன். ஒரு பக்கம் பகல் சாமான்: டம்ளர், துண்டு. மறுபக்கம் ராத்திரிச் சாமான்: அவன் தலையணை, கட்டிக்கொண்டு படுக்கிற கைலி. தலையணை இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது என்பது வீட்டுக்கே தெரியும். அங்கே தூங்க நினைத்தால் அதை எடுத்து வைப்பான். வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் நாள் டம்ளர், துண்டு. இரண்டாம் நாள் இடத்தை மாற்றி வைத்தேன். அப்போதும் டம்ளர், துண்டு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். பார்த்தீர்களா மாமு என்று சொல்வதற்கு வார்த்தையெல்லாம் தயார் பண்ணிவிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்தால், பைக்குள் தலையணை.

அத்தா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அண்ணன் செருப்பு மாட்ட வாசலுக்குப் போனான். அம்மா அடுப்படியில் இருந்தாள். யாரும் பார்க்கவில்லை. என் கை தலையணை வரைக்கும் போனது. எடுத்து மறுபடி பாயில் போட்டுவிட்டால் முடிந்தது. கைலியை எடுக்கவில்லையே, அதனால் இதுவும் தவறுதலாக எடுத்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்கும் மாமுவுக்கும் என்ன வித்தியாசம்? அவர் வாயில் வந்ததைப் பிடித்துக்கொண்டார், நான் கை சொன்னதை அழித்திருப்பேன். என் பதில் வருகிறவரைக்கும்தான் நான் கேள்வி கேட்பேனா?

ஜிப்பை இழுத்து மூடினேன். ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். “போயிட்டு வாரேன்” என்றான். “சரிண்ணே” என்றேன். அன்று பள்ளியில் கரும்பலகையில் கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டு, ஒரு பிள்ளை எழுந்து நின்று திருத்தியது.

மணி அடித்ததும் பஸ் பிடித்து ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்து என்னென்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? அவன் அங்கேயே இருக்க விரும்பினால் அது துரோகம் இல்லை. பிள்ளைகள் வளர்ந்தால் வீட்டை விட்டுப் போகத்தானே செய்வார்கள்? எல்லா அண்ணனும் ஒருநாள் தனி வீடு போகிறானே, இவன் போனால் மட்டும் ஏன் எனக்கு உடம்பு பதறுகிறது? அப்படியென்றால் இத்தனை நாள் நான் அவனுக்காகத்தான் சண்டை போட்டேனா?

கட்டில் வரிசையில் தேடினேன். தலையணை எந்தக் கட்டிலிலும் இல்லை.

சமையல்கட்டில் அண்ணன் இருந்தான். மூட்டைக்குப் பக்கத்தில், அதே இடத்தில். சிமெண்டுத் தரையில் தலையணையைப் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு நாளா நெளிஞ்சுக்கிட்டே இருந்தான்” என்றார் சமையல் அம்மா. “தர சில்லுனு இருக்குல்ல? இன்னைக்குப் பாரு, ராசா மாதிரி மெத்தையோட வந்துட்டான்.”

உங்கள் வண்டிக்குப் பின்னால் கிடந்த மடித்த சாக்கு எனக்கு ஞாபகம் வந்தது. சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

கை சொல்வதும் தானாகப் புரிந்துவிடாது, அத்தா. அதைப் படிக்கிறவள் நான்தானே. தலையணை என்றால் தூக்கம் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். அவனுக்கு அது உட்காருகிற இடம். நீங்கள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவேளை உங்களுக்கும் தெரியாதோ? நீங்கள் சரியாகப் படித்தீர்கள் என்று நாம் நினைத்த எத்தனை விசயத்தில் அவன் வேறு ஏதோ சொல்லியிருப்பான்?

சாயங்காலம் ஆட்டோ வந்ததும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தான்.

கட்டில் வேண்டாம், பகலில் மட்டும் வருவான் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மாமு பேசுவதில்லை; அம்மாவுக்கு மருந்து மட்டும் ஜாபரிடம் கொடுத்தனுப்புகிறார். ஜாபர் போன தடவை வந்தபோது அண்ணனிடம் துபாய்க் கேள்வி கேட்கவில்லை. அவன் உரித்த வெங்காயத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “நம்ம ஆளு கைவேல சுத்தம்ல?” என்றான். அது போதும் இப்போதைக்கு.

பயம் போகவில்லை. அம்மா இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆட்டோ கொஞ்சம் தாமதித்தால் கிணற்று மூடி கண்ணில் வருகிறது. ஒருநாள் அந்த மாதிரி ஒரு கட்டிலுக்காக நான் போய் நிற்க வேண்டி வரலாம். அன்று மாமு சொன்னது சரியாகிவிடும். அவனை என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்கிற இந்த ஊர், அவனுக்கு என்ன செய்து வைத்திருக்கிறது என்று அதை யாரும் கேட்பதில்லை. ஒரு இல்லம், இல்லையென்றால் ஒரு தங்கச்சி. இரண்டே விடை.

நேற்று தலையணை உறையைத் துவைக்கலாமா என்று மறந்துபோய் வாயால் கேட்டுவிட்டேன். “தொவைக்கவா, வேணாமா?” “வேணாம்.” “வேணாமா, தொவைக்கவா?” “தொவைக்க.” அப்புறம் உறையையும் பக்கெட்டையும் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் உறையை முகத்தில் வைத்து முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெங்காய வாசம். அந்த வாசம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? துவைக்கவில்லை.

அவன் உங்களைத் தேடுகிறான், அதனால் ஒன்று செய்யப்போகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, அவன் தொப்பியை ஒரு பக்கமும் வெங்காயக் கூடையை ஒரு பக்கமும் வைப்பேன். அத்தாவை அடக்கம் பண்ணின இடத்துக்குப் போகலாம், இல்லையென்றால் இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள் என்பதையும் அப்போதுதான் சொல்வேன், ‘செத்த நேரம்’ என்று சுற்றி வளைக்காமல், அந்தச் சொல்லிலேயே. அவன் தொப்பியை எடுத்தால் மையவாடி கேட் வரைக்கும் கூட்டி வருவேன். பொம்பளை என்று என்னை உள்ளே விடமாட்டார்கள். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன். ஜாபர் உள்ளே கூட்டி வருவான், கேட்டுவிட்டேன். கூடையை எடுத்தால் விட்டுவிடுவேன். அடுத்த வெள்ளி இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்பேன். அதற்கடுத்த வெள்ளியும். இரண்டையும் விட்டுவிட்டு அவன் மூன்றாவதாக ஒன்றை எடுத்தால், அது என்ன என்று புரிகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் நிற்பேன். அவசரக்காரி நான். ஆனாலும் நிற்பேன், அத்தா. இது சத்தியம்.

உங்கள் கடைப் பார்ட்னரின் தங்கச்சி,
உங்கள் மகள் ஆயிஷா